விற்க விடுமா உங்கள் டோக்கன்?

கிரிப்டோ வாலட் செயலியைத் திறந்தால் மேலே கொட்டை எழுத்தில் ஒரு தொகை தெரியும். கீழே வரிசையாக ஈதர் இவ்வளவு, யுஎஸ்டிடி இவ்வளவு, ஷிபா இனு இவ்வளவு. அதற்கும் கீழே டெலிகிராம் குழுவில் யாரோ சொன்னார்கள் என்று வாங்கிப்போட்ட நாலைந்து பெயர்கள். மேலே இருக்கும் தொகை எப்படி வருகிறது? ஒவ்வொரு டோக்கனும் கடைசியாக எந்த விலைக்குக் கைமாறியதோ அதை உங்களிடம் இருக்கும் எண்ணிக்கையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டிக் காட்டுகிறார்கள். அவ்வளவுதான். அந்த விலைக்கு உங்களால் விற்க முடியுமா என்பது அந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை.

2021 அக்டோபர் கடைசியில், 'ஸ்குவிட் கேம்' என்ற தென்கொரியத் தொடரின் பெயரை ஒட்டிக்கொண்டு ஸ்குவிட் என்றொரு டோக்கன் வந்தது. தொடரை எடுத்தவர்களுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒரு சென்ட் அளவில் தொடங்கிய விலை ஒரே வாரத்தில், நவம்பர் 1 அன்று, 2,861 டாலரைத் தொட்டது. பெரிய செய்தி நிறுவனங்களே அந்த விலையேற்றத்தைச் செய்தியாகப் போட்டன. வாங்கியவர்களின் திரையில் லட்சங்கள் கோடிகளாகிக்கொண்டிருந்தன. விற்கப் போனவர்களுக்குத்தான் விஷயம் புரிந்தது: விற்பனை நடக்கவில்லை. அன்றே சில நிமிடங்களுக்குள் விலை ஒரு சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. உருவாக்கியவர்கள் சுமார் 33 லட்சம் டாலருடன் மறைந்துபோனார்கள். வாங்க மட்டும் வழி வைத்து, விற்கும் வழியை அடைத்துவிட்ட சந்தையில் விலை ஏறாமல் என்ன செய்யும்?

விற்பனையை எப்படி அடைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் ஒரு டோக்கனைச் சோதிப்பது எப்படி என்பதில் பாதி விளங்கிவிடும். டோக்கன் தங்கள் வாலட்டுக்குள் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். வாலட்டில் இருப்பது சாவி. டோக்கன் இருப்பது பிளாக்செயினில் ஏற்றப்பட்ட ஒரு நிரலுக்குள், அதாவது ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டுக்குள். மளிகைக் கடை அண்ணாச்சியின் கணக்கு நோட்டில் உங்கள் பெயருக்கு நேரே ஒரு தொகை எழுதியிருப்பதுபோல, கான்ட்ராக்ட் வைத்திருக்கும் பட்டியலில் உங்கள் முகவரிக்கு நேரே ஓர் எண் இருக்கிறது. நோட்டு அவருடையது, அதில் வரவு செலவை எப்படி எழுதுவது என்ற விதியும் அவர் வைத்தது.

எத்தீரியத்தில் பெரும்பாலான டோக்கன்கள் ஈஆர்சி-20 என்ற தரநிலையைப் பின்பற்றுகின்றன. 2015-இல் ஃபாபியன் ஃபோகல்ஸ்டெல்லரும் விட்டாலிக் புட்டெரினும் முன்வைத்தது அது. மொத்த எண்ணிக்கையைச் சொல்வது, ஒரு முகவரியின் இருப்பைச் சொல்வது, அனுப்புவது, இன்னொருவர் சார்பில் அனுப்புவது, அதற்கு அனுமதி தருவது, தந்த அனுமதியைக் காட்டுவது என ஆறு செயல்கள் கட்டாயம். பிஎன்பி ஸ்மார்ட் செயின் போன்ற வேறு பிளாக்செயின்களிலும் ஏறக்குறைய இதே வடிவம்தான். ஆனால் தரநிலை வரையறுப்பது செயல்களின் பெயரையும் வெளித்தோற்றத்தையும்தான். 'அனுப்பு' என்ற செயலுக்குள் என்ன எழுதுவது என்பது எழுதுகிறவர் இஷ்டம்.

பரவலாக்கப்பட்ட சந்தையில் நீங்கள் வாங்கும்போது, லிக்விடிட்டி பூல் எனப்படும் பொது இருப்பிலிருந்து உங்கள் முகவரிக்கு டோக்கன் வருகிறது. விற்கும்போது உங்கள் முகவரியிலிருந்து அந்தப் பூலுக்குப் போகிறது. ஆகவே 'பெறுகிற முகவரி பூலாக இருந்து, அனுப்புகிறவர் கான்ட்ராக்ட்டின் முதலாளியாக இல்லாவிட்டால் பரிவர்த்தனையை ரத்து செய்' என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். வாங்குவது தடையில்லாமல் நடக்கும், இருப்பும் சரியாகத் தெரியும், விற்பனை மட்டும் நடக்காது. ஹனிபாட் என்று இதைச் சொல்கிறார்கள். இன்னும் நாசூக்கான வகையில் விற்பனைக்கு ஒரு 'வரி' இருக்கும். முதலில் 5 சதவீதம். முதலாளி நினைத்தால் ஒரே பரிவர்த்தனையில் அதை 100 ஆக்கலாம். இதெல்லாம் எங்கோ அபூர்வமாக நடப்பதல்ல. 2021-இல் பெங்செங் சியா குழுவினர் யூனிஸ்வாப் சந்தையின் டோக்கன்களை ஆராய்ந்து 10,000-க்கும் மேற்பட்ட மோசடி டோக்கன்களை அடையாளம் கண்டார்கள். அங்கே பட்டியலானவற்றில் ஏறக்குறைய பாதி.

சோதனையில் முதலில் பார்க்க வேண்டியது கான்ட்ராக்ட் முகவரி. பெயரை நம்பிப் பயனில்லை. யார் வேண்டுமானாலும் தங்கள் டோக்கனுக்கு யுஎஸ்டிடி என்றே பெயர் சூட்டலாம். முகவரியையும் தலையும் வாலும் பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது, 40 குறிகளையும் ஒப்பிட வேண்டும். 2024 மே மாதம் ஒருவர் பணம் அனுப்பும்போது, முதலும் கடைசியும் ஒத்திருந்த போலி முகவரியைத் தன் பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து நகலெடுத்து, 1,155 டபிள்யூபிடிசி டோக்கன்களை அனுப்பிவிட்டார். மதிப்பு ஏறக்குறைய 7 கோடி டாலர். திருடன் பிறகு பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தது அவருடைய அதிர்ஷ்டம்.

முகவரி சரியென்றால் அடுத்து ஈதர்ஸ்கேன் போன்ற தளத்தில் அந்தக் கான்ட்ராக்ட்டின் மூலநிரல் வெளியிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். பிளாக்செயினில் இருப்பது இயந்திரத்துக்கான குறியீடு. எழுதியவர் மூலநிரலைக் கொடுத்தால், அதிலிருந்து அதே குறியீடு வருகிறதா என்று தளம் சரிபார்த்துக் காட்டும். மூலநிரலை வெளியிடாத டோக்கன் என்றால் என்னைப் பொறுத்தவரை சோதனை அங்கேயே முடிந்தது. மறைக்க எதுவும் இல்லாதவர் ஏன் மறைக்கிறார் என்று ஆராய்ந்துகொண்டிருக்க அவசியமில்லை.

நிரலைப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தானியங்கிக் கருவிகள் இருக்கின்றன. முகவரியைக் கொடுத்தால் 'புதிதாக அச்சடிக்க முடியும்', 'கறுப்புப் பட்டியல் உண்டு', 'நிறுத்திவைக்க முடியும்' என்று சிவப்புக் கொடிகளைக் காட்டும். சில கருவிகள் பிளாக்செயினின் இப்போதைய நிலையை நகலெடுத்து, அதில் ஒரு முறை வாங்கி, உடனே விற்றுப் பார்க்கும். நல்ல உத்திதான். ஆனால் அது காட்டுவது இந்த நொடியின் நிலை. முதலாளி இன்னும் சுவிட்சைப் போடவில்லை என்றால் சோதனையில் டோக்கன் சுலபமாகத் தேறிவிடும்.

இந்தக் கருவிகளின் எல்லை அவற்றைச் செய்தவர்களின் திறமைக் குறைவால் வந்ததல்ல. கணிதமே போட்ட எல்லை அது. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது ஓடி முடியுமா முடியாதா என்று சொல்லிவிடும் பொது வழிமுறை இருக்க முடியாது என்று 1936-இல் ஆலன் டூரிங் நிறுவினார். 1953-இல் ஹென்றி ரைஸ் அதை விரித்தார்: ஒரு நிரலின் நடத்தையைப் பற்றிய உருப்படியான எந்தக் கேள்விக்கும், எல்லா நிரல்களுக்கும் பொருந்தும்படி விடை சொல்லும் வழிமுறை கிடையாது. எத்தீரியத்தில் ஒவ்வொரு பரிவர்த்தனையும் கட்டண வரம்புக்குள் முடிந்துதான் ஆக வேண்டும், உண்மை. ஆனால் நாளையும் மறுநாளும் யார் யாரோ அனுப்பப்போகும் பரிவர்த்தனைகளின் எல்லாச் சேர்க்கைகளிலும் இது விற்க விடுமா என்பது வேறு கேள்வி. குறிப்பிட்ட ஒரு நிரலை எடுத்து, உழைத்து, அது இன்னதைச் செய்யாது என்று நிரூபிக்கலாம். எதைக் கொடுத்தாலும் தீர்ப்புச் சொல்லும் கருவி மட்டும் வராது. எனவே கருவி சிவப்புக் கொடி காட்டினால் அதற்குப் பொருள் உண்டு. பச்சை காட்டினால் 'எனக்குத் தெரிந்த தந்திரம் எதுவும் இதில் தென்படவில்லை' என்பதுதான் பொருள்.

சிவப்புக் கொடியும் தீர்ப்பு ஆகிவிடாது. எத்தீரியத்தில் உள்ள யுஎஸ்டிடியின் கான்ட்ராக்ட்டைத் திறந்து பாருங்கள். 2017-இல் ஏற்றப்பட்டது, யாரும் படிக்கலாம். முதலாளி எல்லாப் பரிமாற்றத்தையும் நிறுத்திவைக்கலாம். எந்த முகவரியையும் கறுப்புப் பட்டியலில் சேர்க்கலாம். சேர்த்த பிறகு அந்த முகவரியில் இருப்பதை அழித்தே விடலாம். புதிதாக வேண்டிய அளவு உருவாக்கலாம். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் கட்டணம் விதிக்கக்கூட ஏற்பாடு இருக்கிறது. அது 0.2 சதவீதத்துக்குள், 50 யுஎஸ்டிடிக்குள் இருக்க வேண்டும் என்று நிரலிலேயே வரம்பு. இதுவரை பூஜ்ஜியத்திலேயே வைத்திருக்கிறார்கள். ஒரு ஹனிபாட்டில் பார்க்கும் அதிகாரங்களில் பாதிக்கு மேல், உலகில் அதிகம் கைமாறும் டோக்கனிலும் இருக்கின்றன.

இன்னொரு டாலர் டோக்கனான யுஎஸ்டிசியின் கதையும் இதுதான். கூடுதலாக, அது ப்ராக்ஸி என்ற அமைப்பில் இருக்கிறது: முகவரி மாறாது, பின்னால் ஓடும் நிரலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இன்று நீங்கள் படித்த நிரல் நாளை ஓடும் என்று உறுதி இல்லை. 2022 ஆகஸ்டில் பணத்தின் தடத்தை மறைக்க உதவும் டொர்னேடோ கேஷ் மீது அமெரிக்க அரசு தடை விதித்தபோது, அதன் முகவரிகளில் இருந்த யுஎஸ்டிசியை, அதை வெளியிடும் சர்க்கிள் நிறுவனம் உடனே முடக்கியது.

அப்படியானால் ஸ்குவிட்டுக்கும் இவற்றுக்கும் என்ன வித்தியாசம்? நிரலுக்குள் தேடினால் கிடைக்காது. யார் கையில் அந்த அதிகாரம், அவரை எந்த நீதிமன்றம் கூப்பிட முடியும் என்பதில்தான் இருக்கிறது. யுஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனம் உத்தமம் என்று நான் சொல்ல வரவில்லை. கையிருப்பு பற்றிய அதன் பேச்சுக்காக 2021-இல் நியூயார்க் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்துக்கு 1.85 கோடி டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது. அதே ஆண்டு வேறொரு அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு 4.1 கோடி டாலர் அபராதம் போட்டது. பிடித்து நிறுத்தி அபராதம் போட ஒரு முகம் இருந்தது என்பதே விஷயம். ஆகவே பட்டியலில் உள்ள ஒவ்வொரு டோக்கனுக்கும் எதிரே இரண்டு பத்தி எழுதச் சொல்வேன்: இதை யாரால் என்ன செய்ய முடியும், செய்தால் அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது பத்தி காலியாக இருந்து, முதலாவது நீளமாக இருந்தால் விற்றுவிட்டு வெளியேறுவது நல்லது, விற்க முடிந்தால். முதல் பத்தியே காலி என்று காட்ட, 'உரிமையைத் துறந்துவிட்டோம்' என்று சில திட்டங்கள் பெருமையடிக்கும். முதலாளி என்ற பதவியைப் பூஜ்ஜிய முகவரிக்கு மாற்றிவிட்டு, வேறு பெயரில் இன்னொரு அதிகாரியை நிரலுக்குள் உட்கார வைத்திருப்பதும் உண்டு.

நிரல் ஒழுங்காக இருந்தும் பணம் வராமல் போகலாம். 2018 நவம்பரில் வந்த யூனிஸ்வாப்பின் தொடக்க விதியைப் பாருங்கள், கணக்கு எளிது. ஒரு பூலில் 10 லட்சம் டோக்கனும் 10,000 டாலரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு டோக்கன் 1 சென்ட். இரண்டு எண்ணிக்கைகளையும் பெருக்கினால் வரும் 1,000 கோடி மாறாமல் இருக்க வேண்டும் என்பது விதி. உங்களிடம் 10 லட்சம் டோக்கன் இருந்தால் செயலி 10,000 டாலர் காட்டும். அத்தனையையும் விற்றால் பூலில் டோக்கன் 20 லட்சமாகும். 1,000 கோடியை 20 லட்சத்தால் வகுத்தால் 5,000. அவ்வளவு டாலர் பூலில் இருந்தாக வேண்டும். மீதி 5,000 உங்களுக்கு. 50 லட்சம் டோக்கன் வைத்திருந்தால் திரையில் 50,000 டாலர், கைக்கு 8,333. சந்தைக் கட்டணத்தை இதில் சேர்க்கவே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் சூத்திரம் வேறில்லை.

எனவே விலையைப் பார்ப்பதற்கு முன்னால் பூலின் ஆழத்தைப் பார்க்க வேண்டும். அந்த 10,000 டாலரைப் பூலில் போட்டது யார்? பெரும்பாலும் டோக்கனை உருவாக்கியவரே. அவர் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். ரக் புல் என்பது அதுதான். 'பூட்டி வைத்திருக்கிறோம்' என்றால் எத்தனை சதவீதம், எந்தத் தேதி வரை என்று பிளாக்செயினிலேயே பார்க்க முடியும். பூட்டு அடுத்த வாரம் திறக்கிறதென்றால் அது பூட்டே அல்ல. பெரிய பங்கு யார் கையில் என்பதையும் ஈதர்ஸ்கேனின் வைத்திருப்போர் பட்டியல் காட்டிவிடும். ஷிபா இனுவை உருவாக்கியவர்கள் விளம்பரத்துக்காக மொத்த எண்ணிக்கையில் பாதியைக் கேட்காமலேயே விட்டாலிக் புட்டெரின் முகவரிக்கு அனுப்பிவைத்தார்கள். 2021 மே மாதம் அவர் அதிலிருந்து 50 லட்சம் கோடி டோக்கன்களை இந்தியக் கோவிட் நிவாரண நிதிக்கு வழங்கினார். காகிதத்தில் 100 கோடி டாலருக்கு மேல். செய்தி வந்ததுமே ஷிபாவின் விலை மளமளவென்று சரிந்தது. இவ்வளவு அதிகாரம் தன்னிடம் வேண்டாம் என்று, மிச்சம் இருந்ததில் 90 சதவீதத்தைச் சில நாட்களில் யாரும் எடுக்க முடியாத முகவரிக்கு அனுப்பிவிட்டார். வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு தனிமனிதரின் நல்ல குணத்தால் கிடைத்த பாதுகாப்பு. நிரலில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை.

ஒவ்வொரு டோக்கனையும் தனித்தனியாகச் சோதித்து முடித்தாலும், அவை ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கின்றனவா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. 2022 மே மாதத்துக்கு முன் ஒருவர் லூனா டோக்கன், ஒரு டாலர் மதிப்பில் நிற்க வேண்டிய யுஎஸ்டி (UST), ஆங்கர் என்ற சேமிப்புத் திட்டம் ஆகிய மூன்றிலும் பணம் போட்டிருந்தால் பிரித்துப் போட்டிருக்கிறேன் என்று நிம்மதியாக இருந்திருப்பார். யுஎஸ்டியைப் போட்டு வைத்தால் ஆங்கர் ஏறக்குறைய 20 சதவீத வட்டி தந்தது. அதனால் யுஎஸ்டிக்குக் கிராக்கி. யுஎஸ்டியின் ஒரு டாலர் மதிப்பைத் தாங்க லூனா. யுஎஸ்டி சரிந்ததும் அதைத் தூக்கி நிறுத்தப் புதிய லூனாக்களை நிரல் உருவாக்கிக்கொண்டே போனது. சுமார் 35 கோடியாக இருந்த எண்ணிக்கை சில நாட்களில் 6.5 லட்சம் கோடியானது. யாரும் ஊடுருவவில்லை, எழுதியபடியே ஓடியது. அமெரிக்காவில் 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி மூழ்கியபோது, அங்கே சர்க்கிள் வைத்திருந்த 330 கோடி டாலர் மாட்டிக்கொண்டு யுஎஸ்டிசி 88 சென்ட் அளவுக்கு இறங்கியதும் இதே ரகம். மூலநிரலை எத்தனை முறை படித்தாலும் ஒரு வங்கியின் பெயர் அதில் தென்படாது.

இனி உங்கள் பக்கத்துச் சோதனை. ஈஆர்சி-20-இன் ஆறு செயல்களில் அனுமதி தருவதுதான் மிகவும் கவனிக்க வேண்டியது. ஒரு தளத்தில் முதல் முறை டோக்கனை மாற்றும்போது, 'இந்தக் கான்ட்ராக்ட் உங்கள் சார்பில் எடுத்துக்கொள்ளலாமா' என்று வாலட் கேட்கும். பல தளங்கள் 78 இலக்கம் கொண்ட, அந்த அமைப்பில் சாத்தியமான அதிகபட்ச எண்ணுக்கு அனுமதி கேட்கின்றன. நாம் 100 டாலர் மாற்றத்தான் வந்திருப்போம். வேலை முடிந்த பிறகும் அனுமதி அப்படியே நிற்கிறது. தளத்திலிருந்து வாலட்டைத் துண்டித்தாலும் போகாது. ஹார்டுவேர் வாலட் வாங்கி வைத்தாலும், கொடுத்த அனுமதி கொடுத்ததுதான். 2021 டிசம்பரில் பேட்ஜர்டாவோ என்ற கிரிப்டோ திட்டத்தின் இணையதளத்தில் யாரோ ஒரு துண்டு நிரலைச் சொருகி, பயனர்களிடமிருந்து இப்படிப்பட்ட அனுமதிகளைச் சேகரித்து வைத்திருந்து, ஒரே நாளில் சுமார் 12 கோடி டாலர் உருவினார்கள். கான்ட்ராக்ட்டில் ஓட்டை எதுவும் இல்லை.

நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2022 மார்ச்சில், பிளாக்செயின்களுக்கு இடையே டோக்கன்களைக் கொண்டுபோகும் ரோனின் பாலத்தைச் சூறையாட 9 சாவிகளில் 5 போதுமானதாக இருந்தது. 4 சாவிகள் ஒரே நிறுவனத்தினுடையவை. ஐந்தாவது, முந்தைய நவம்பரில் தற்காலிகமாகக் கொடுத்து, டிசம்பரில் தேவை முடிந்தும் ரத்து செய்யாமல் விட்ட ஓர் அனுமதி. பணம் போனது தெரியவே 6 நாள் ஆயிற்று. உங்கள் அனுமதிகளை ஈதர்ஸ்கேனிலோ ரிவோக்.கேஷ் தளத்திலோ வரிசையாகப் பார்த்து ரத்து செய்யலாம். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கட்டணம் ஆகும், கொடுக்கலாம். கட்டணமே இல்லாமல் 'கையெழுத்து மட்டும் போடுங்கள்' என்று கேட்பதும் சில சமயம் இதே அனுமதிதான். கேட்காமலேயே வாலட்டில் வந்து விழும் இலவச டோக்கன்களைத் தொடவே வேண்டாம்; அவற்றை விற்கப் போகும் இடத்தில்தான் இந்தக் கையெழுத்தை வாங்குவார்கள்.

எக்ஸ்சேஞ்சில் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்னவற்றில் பாதி பொருந்தாது. அங்கே உங்களுக்கு இருப்பது நிறுவனத்தின் கணக்கில் ஒரு வரவு மட்டும். 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருடுபோனது. அதில் 10 கோடிக்கு மேல் ஷிபா. பல கையெழுத்துகள் சேர்ந்தால்தான் திறக்கும் வாலட் அது. கையெழுத்திட்டவர்கள் திரையில் பார்த்தது ஒன்று, கையெழுத்து விழுந்தது வேறொன்று. போனவை எத்தீரியத்தின் டோக்கன்கள். ஆனால் வேறொரு பிளாக்செயினைச் சேர்ந்த எக்ஸ்ஆர்பி வைத்திருந்தவர்களின் கணக்குகளும் முடங்கின. அப்படி ஒருவர் தொடுத்த வழக்கில்தான் 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ ஒரு சொத்து, அதை ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பாக வைத்திருக்க முடியும் என்று சொன்னது. எக்ஸ்சேஞ்சின் நஷ்டத்தை எல்லோர் தலையிலும் பங்கிட முடியுமா என்று வாதாட அது ஒரு பிடிமானம்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு எந்தக் கருவியும் காட்டாத ஒரு கணக்கும் இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒன்றின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. நல்ல டோக்கனில் 1 லட்சம் லாபம், மோசடி டோக்கனில் 1 லட்சம் நஷ்டம் என்றால் கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை. ஆனாலும் 30,000 ரூபாய் வரியும் அதன் மேல் செஸ்ஸும் கட்ட வேண்டும். வருமான வரிப் படிவத்தில் ஒவ்வொரு விற்பனைக்கும் வாங்கிய தேதி, விற்ற தேதி, விலை எல்லாம் தனித்தனியாகக் கேட்கிறார்கள். முகவரி, அதிகாரம், பூல், அனுமதி என்று சோதித்துப் பட்டியல் போடும்போதே இவற்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்கிவிட்டால் படிவம் நிரப்பும் ஜூலை மாதத்தில் தேட வேண்டியிருக்காது.